தலைக்கு மேலே இருந்த மண்!

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகும் வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இரண்டு வகை வீடுகளைப் பார்க்கலாம். ஒன்று, திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு. இன்னொன்று, முகப்புச் சுவரெல்லாம் டைல்ஸ் பதித்த புது மாடி வீடு. இரண்டிலும் இருப்பது தீயில் வெந்த மண்தான். அன்று தலைக்கு மேலே இருந்தது, இன்று காலுக்குக் கீழே வந்துவிட்டது.

நாட்டு ஓட்டைக் குயவர்கள் சக்கரத்தில் குழாய் போல வனைந்து, இரண்டாகப் பிளந்து சுடுவார்கள். இந்த ஓடுகளின் இடுக்கு வழியே வெக்கை வெளியேறிவிடும். ஒன்றோடொன்று பொருந்தும் சீமை ஓடு பிறகு வந்தது. மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன் தொடங்கிய ஆலைதான் அதற்கு ஆரம்பம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டது. தென்னைகள் சாய்ந்தன, ஓடுகள் பறந்தன. அந்த இரவைப் பார்த்தவர்கள் கான்கிரீட் வீட்டை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் பகலெல்லாம் வாங்கிய வெயிலை, கான்கிரீட் தளம் ராத்திரியில் வீட்டுக்குள் இறக்கும்.

மொட்டைமாடியில் வெள்ளை நிற 'கூல் டைல்ஸ்' பதித்தால் அந்தச் சூடு கொஞ்சம் தணியும். தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால், அது அரை சதவிகிதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. கறை பிடிக்காது. ஆனால் பளபளப்பான ரகம் ஈரம் பட்டால் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில், குளியலறைக்கும் படிகளுக்கும் சொரசொரப்பான ரகமே நல்லது.

கடைகளில் 'ஆத்தங்குடி டிசைன்' அச்சிட்ட டைல்ஸும் கிடைக்கிறது. அசலைப் பார்க்க நினைப்பவர்கள் பட்டுக்கோட்டையில் ரயிலேறி காரைக்குடியில் இறங்கலாம். அங்கிருந்து ஆத்தங்குடி பக்கம்தான். அசல் ஆத்தங்குடிக் கல் சூளையையே பார்க்காதது. கண்ணாடிமேல் வண்ண சிமென்ட்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். நடக்க நடக்க மெருகேறும்.

பழைய ஓட்டுக்கும் புது வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய 'ஃபில்லர் ஸ்லாப்' முறையில், தளத்தின் கம்பிகளுக்கு இடையே சீமை ஓடுகளை வைத்து கான்கிரீட் போடுவார்கள். கான்கிரீட் செலவு குறையும், சூடும் குறையும். அண்ணாந்து பார்த்தால் சிவப்பு ஓட்டு வரிசை அழகாகத் தெரியும். விவரம் தெரிந்த இன்ஜினீயர் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புயலுக்குத் தப்பி எத்தனையோ கொல்லைகளில் அடுக்கிக் கிடக்கும் ஓடுகளை விற்பதற்கு முன், இதையும் ஒரு தடவை யோசிக்கலாம்.