இடது பக்கம்

ஜனவரி 29, 2025, புதன்

காலையில் தங்கச்சி கூப்பிட்டாள். ஃபோனைக் காதில் வைத்து ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டேன். மறுபடி அடித்தபோது கை மாற்றி எடுத்தேன். அவள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். போனது என் இடது காது.

இன்று சீனப் பெருநாள், நாளையும் விடுமுறை. வெள்ளி, சனி கெடாவுக்கு வார விடுமுறை. நல்ல வாரமாகப் பார்த்துப் போயிருக்கிறது. திறந்திருந்த ஒரே கிளினிக்கில் சளி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

ஜனவரி 30

இரைச்சல் ஓயவில்லை. தாமான் முழுக்க வெடி. எனக்குப் பாதி வெடிதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆஸ்பத்திரி. சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இடது காதின் முறை வந்தபோது ரொம்ப நேரம் அமுக்க எதுவும் இல்லை. படத்தில் அந்தக் கோடு கீழே விழுந்து கிடந்தது. நரம்புப் பக்கக் கோளாறாம். பெரும்பாலும் காரணம் தெரியாதாம். இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்குவது நல்லதாம். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. காது நரம்பை ஒட்டிக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

“ரொம்ப சத்தமா பாட்டு கேப்பீங்களா?” என்றார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி “ஆமாங்க டாக்டர்” என்றாள்.

பிப்ரவரி 4, விடியற்காலை 3

ப்ரெட்னிசலோன் ஸ்டீராய்டு தூங்க விடுவதில்லை. உற்சாகமாக வேறு இருக்கிறது. அலமாரியைத் துடைத்தேன், இசைத்தட்டுகளைப் பெயர்வாரியாக அடுக்கினேன், பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜிம்மி ஸ்மித்தின் ‘பேக் அட் தி சிக்கன் ஷாக்’. 1960 ஏப்ரல் 25-இல் ரூடி வான் கெல்டர் ஸ்டூடியோவில் பதிவானது. ஸ்டீரியோ புதுசாக இருந்த காலம் அது. ஒரு கருவியை முழுக்க இடது பக்கம் வைப்பார்கள், இன்னொன்றை முழுக்க வலது பக்கம். ஒற்றைக் காதோடு கேட்டால் பாதிப்பேர் வேலைக்கு வராத மாதிரி. நாற்பது வருஷமாகக் கேட்கிற தட்டு, இதில் யாரைக் காணோம் என்று தலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்தக் குழுவில் பாஸ் வாசிக்கத் தனியாக ஆள் கிடையாது. ஜிம்மி ஸ்மித் ஆர்கனில் இடது கையாலும் காலாலுமே அதைப் பார்த்துக்கொள்வார். வலது கை என்ன வித்தை காட்டினாலும் அடியில் அது நடந்துகொண்டே இருக்கும். சாக்ஸபோன்தான் எனக்கு உயிர் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அது எட்டத்தில் இருந்தும் தட்டைப் பாதியில் நிறுத்தத் தோன்றவில்லை. பாதம் ஆடியது. மூன்று மணிக்கு.

பிப்ரவரி 6

மகள் வந்து ஃபோனில் எதையோ அமுக்கினாள். “மோனோ போட்டுட்டேன்பா, ரெண்டு பக்கமும் ஒண்ணா வரும்.” ‘ஹெட் ஹன்டர்ஸ்’ போட்டேன். ஹெர்பி ஹான்காக், 1973. ‘கமீலியன்’ மட்டுமே 15 நிமிடம் 41 விநாடி. தொடக்கத்தில் சின்தசைசரில் ஒரு பாஸ் வரி, அதே வரி, மறுபடி அதே வரி. பிறகு டிரம்ஸ் மெதுவாக வந்து ஏறிக்கொள்ளும். மாமா வீட்டில் இதை முதலில் கேட்டபோது அம்மா ஓடிவந்து, தட்டு மாட்டிக்கொண்டது என்று ஊசியைத் தூக்கப் போனார். அடுத்து ‘வாட்டர்மெலன் மேன்’. அதில் பில் சம்மர்ஸ் பீர் போத்தலின் வாயில் ஊதுவார். மத்திய ஆப்பிரிக்கக் காட்டுவாசிகளின் குழலிசையை மனதில் வைத்துச் செய்தது. நாங்கள் தோட்டத்து லயத்தில் கிச்சாப் போத்தலில் ஊதினோம். மனதில் எதுவும் இல்லை.

பிப்ரவரி 8

பீடோங் வரை காரில் இவள் பேசிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் ஓட்டினால் அவளுக்கு இடது சீட்டு. இறங்கும்போது “என் மேல என்ன கோபம்?” என்றாள்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் கோயில் தெருவில் கூட்டம் நெருக்கியது. ஒற்றைக் காதில் எல்லாம் கேட்கிறது, ஆனால் எது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிவதில்லை. பின்னால் கூப்பிட்டால் முன்னால் பார்க்கிறேன்.

ஒரு உறுமிக் குழு எங்கள் பக்கமாக வந்து நின்றது. இருபது வயதுகூட ஆகாத பையன்கள். உறுமியின் ஒரு முகத்தில் தட்டுகிறார்கள், மறுமுகத்தில் வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பு எனக்கு நெஞ்செலும்பில்தான் கேட்டது. நடையை அவர்கள் மாற்றவேயில்லை. ஒருவன் கொஞ்சம் முந்துவான், இன்னொருவன் வேண்டுமென்றே தாமதிப்பான், அந்த இடைவெளியில் கூட்டம் முழுக்க ஆடியது. இதற்கு நான் அமெரிக்காவிலிருந்து தட்டு வரவழைத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இடது தோளை உரசிக்கொண்டு ஒரு காவடி போனது. அதற்குப் பிறகு வீடு வரை எனக்கு இடது பக்கமாகவே நடந்து வந்தாள். அந்தப் பக்கம் பேசினால் கேட்காது என்று நான் சொல்லியும்.

பிப்ரவரி 13

மாத்திரையைக் குறைக்கிறார்கள். மைலோ விளம்பரம் பார்த்து அழுதேன்.

பிப்ரவரி 18

மாமாவின் பெட்டியைத் திறந்தேன். பட்டர்வொர்த் விமானத் தளம் ஆஸ்திரேலியர்கள் கையில் இருந்தபோது (1958 முதல் 1988 வரை) அவர்கள் வீடுகளில் தோட்ட வேலை பார்த்தவர். ஊர் திரும்பும் குடும்பங்கள் விட்டுப் போனதையெல்லாம் பேருந்தில் சுமந்து வருவார். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் எங்கள் தோட்டத்துக்கு அப்படி வந்தவர்தான். மிசிசிப்பியின் ஸ்டோவால் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். 1941-இல் ஆலன் லோமாக்ஸ் அங்கே போய் அவரைப் பதிவு செய்தார். 1943-இல் சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே மதுக்கடை இரைச்சலில் கிட்டார் எடுபடாததால்தான் மின்சாரக் கிட்டாருக்கு மாறினார்.

அதுவும் தோட்டம், இதுவும் தோட்டம் என்று முடிச்சுப் போடுகிற பேச்சு எனக்குப் பிடிக்காது. அப்பா ஆயுள் முழுக்க ரப்பர் பால் வெட்டினார், கேட்டது டி.எம்.எஸ். மட்டும். மாமா இந்தத் தட்டை வைத்துக்கொண்டது பருத்திக்காக அல்ல, உட்கார்ந்தபடியே ஆட முடிந்ததற்காக.

பிப்ரவரி 21

சார்லி மரியானோ. மிங்கஸின் 1963 தட்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர். அறுபதுகளின் பிற்பாதியில் மலேசியாவுக்கு வந்து வானொலி இசைக்குழுவோடு வேலை செய்தார். இங்கேதான் நாகஸ்வரம் அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு இந்தியாவுக்குப் போய் முறையாகப் படித்தார். 1976-இல் வந்த ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ தட்டிலும் அதை ஊதியிருக்கிறார். ஸ்பீக்கரில் வைத்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது: “யாருக்குக் கல்யாணம்?”

பிப்ரவரி 25, செவ்வாய்

அலோர் ஸ்டாரில் மறு பரிசோதனை. கீழ்ச்சுருதி கொஞ்சம் திரும்பியிருக்கிறது, மேல்சுருதி இல்லை. எம்.ஆர்.ஐ. ஏப்ரலில்.

போகும்போது கார் சாவியை இவளிடம் கொடுத்தேன். லைசென்ஸ் எடுத்து இருபது வருஷம், சந்தையைத் தாண்டி ஓட்டியதில்லை. வேண்டாம் என்றாள், திட்டினாள், ஏறி உட்கார்ந்தாள். இப்போது அவள் எனக்கு வலது பக்கம். பழைய சாலையில் நாற்பதில் போனோம். ‘கமீலியன்’ போட்டேன்.

“பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?”

“இதான் பாட்டு.”

“பீடோங் தாண்டியாச்சு, இன்னும் அதையே அடிக்கிறான்.” அதற்குப் பிறகு அவள் தம்பி வீட்டுச் சண்டை, தண்ணீர் பில், மகளுக்கு வந்திருக்கும் வரன் என்று போய்க்கொண்டே இருந்தது. பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று குருணில் நானே சத்தத்தைக் குறைத்தேன்.

திரும்பும்போது மின்னல் எஃப்எம். அது அவள் போட்ட நிபந்தனை.