வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம்

இந்த வாரம் வாசித்த அறிவியல், பசுமைச் செய்திகளில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது சோலார் சமாச்சாரம்தான்.

பேனலுக்குத் தேவை வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. ஆய்வகத்தில் அதன் திறனை அளப்பது 25 டிகிரியில். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கன் பேனலின் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மொட்டைமாடியில் பேனல் 60 டிகிரியைத் தொடுவது ஒன்றும் அதிசயமில்லை. அப்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு! தளத்தோடு ஒட்டாமல், அடியில் காற்றோட இடம் விட்டு உயர்த்திப் போடச் சொல்வது இதற்காகத்தான். விற்க வருகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் என்பதை மட்டும் மூன்று தடவை சொல்வார்கள்.

அடுத்தது சோடியம் அயனி பேட்டரி. அதே அளவு மின்சாரத்தைச் சேமிக்க லித்தியம் பேட்டரியைவிட எடை கூடும். காருக்கு அது தொல்லை. வீட்டு மூலையில் அசையாமல் நிற்கப்போவதற்கு எடை எவ்வளவு இருந்தால் என்ன? உப்பிலேயே கிடைக்கும் சோடியத்துக்குப் பஞ்சமும் கிடையாது.

பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்காக 2022-இல் தமிழக அரசு அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் பற்றியும் படித்தேன். கடற்பசு மேயும் கடற்புல் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மாடியில் சோலார் போட்டிருக்கும் நண்பர்களே, பிப்ரவரியிலும் மே மாதத்திலும் எத்தனை யூனிட் வந்தது என்று எழுதுங்கள். விளம்பரக் கணக்கு வேண்டாம், உங்கள் மீட்டர் கணக்கு போதும்.