பழைய வண்டிக்கேற்ற பொறி

மலருக்குக் கட்டுரை அனுப்பும் பழைய மாணவர் பெரும்பாலும் விடுதி வாழ்வையும் விளையாட்டு வெற்றிகளையும் எழுதுவர். அவற்றை என்னினும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். பல்லாண்டுகளாக ஜேர்மனியில் வசித்து, இயந்திரங்களோடு பழகிவரும் நான், அத்தொழிலோடு ஒட்டிய சிறு விடயமொன்றையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். பௌதிக வகுப்பில் முறுக்கம் பற்றிக் கற்கும் மாணவருக்கு இது பயன்படுமென நம்புகிறேன்.

மோட்டார் வண்டி வளைவிலே திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்தால் ஏதேனும் ஒன்று வீதியில் உராய்ந்து இழுபடும். இவ்விடரைத் தீர்ப்பதே டிபரென்ஷல் என்னும் பற்சில்லுத் தொகுதி. பிரான்சு தேசத்து ஒனெசிபோர் பெக்கூர் என்பார் 1827 ஆம் ஆண்டளவில் நீராவி வண்டிக்கென இதனை அமைத்தார். சில்லுகள் வெவ்வேறு வேகத்திற் சுழல இடங்கொடுத்து, முறுக்கத்தை மட்டும் இரண்டுக்கும் சமமாகப் பங்கிடுதல் இதன் தொழிலாகும்.

அச்சமபங்கே சில வேளைகளிற் குறையாகிவிடுகிறது. ஒரு சில்லு ஈரத்தில் நின்று 100 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தை மட்டுமே தாங்குமாயின், உலர்ந்த தரையில் நிற்கும் மற்றைய சில்லும் அதே 100 ஐத்தான் பெறும். வண்டியை நகர்த்துவதற்கு மொத்தம் 200 மட்டுமே கிடைக்கும். வழுக்கும் சில்லு வீணே சுழல, உறுதியாக நிற்கும் சில்லு வாளாவிருக்கும். இதற்குப் பரிகாரமாக எழுந்ததே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரென்ஷல். அதனுள்ளே உராய்வுத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். விசை ஏற ஏற அவை நெருக்குண்டு இரு அச்சுகளையும் ஓரளவு பிணைக்கும்.

அந்த அளவைச் சதவீதத்தாற் குறிப்பர். இரு சில்லுகளின் முறுக்க வேறுபாடு மொத்த முறுக்கத்தில் எத்தனை பங்கோ, அதுவே பூட்டுச் சதவீதம். 25 சதவீதமாயின் பங்கீடு 62.5 க்கு 37.5 வரை செல்லலாம். முன்னைய உதாரணத்தில் ஈரச் சில்லு 100 ஐத் தாங்க, மற்றையது ஏறத்தாழ 167 ஐப் பெறும், மொத்தம் 267. 40 சதவீதமாயின் பங்கீடு 70 க்கு 30, மொத்தம் 333. கணக்கை மட்டும் பார்ப்போர் பெரிய எண்ணே சிறந்ததென்பர். அம்முடிவு எப்பொழுதும் பொருந்துமா என்பதே எங்கள் வீட்டில் எழுந்த வினா.

என்னிடம் உள்ளது 1988 ஆம் ஆண்டில் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 325 ஐ, ஈ 30 என வழங்கும் வரிசையைச் சேர்ந்தது. முன்புறத்து ஆறு சிலிண்டர் எஞ்சின் பின் சில்லுகளை ஓட்டும். முதலில் வாங்கியவர் 25 சதவீதப் பூட்டுடைய டிபரென்ஷலைக் கேட்டுப் பெற்றிருந்தார். பின் மூடியிலுள்ள தகட்டில் "எஸ் 3.73" என்ற குறிப்பு இருந்தது. எஸ் என்பது பூட்டையும், 3.73 என்பது பல் விகிதத்தையும் குறிக்கும். முப்பத்தைந்து ஆண்டு உழைப்பில் தட்டுகள் வழுவழுப்பாகின. பற்சில்லுகளும் தேய்ந்து அரற்றத் தொடங்கின. அது காலத்தின் செயலேயன்றி எவர் குற்றமுமன்று. முழுத் தொகுதியையும் மாற்றவேண்டியதாயிற்று.

மகன் வண்டியோட்டப் பந்தயத்தில் ஆர்வமுடையவன். தட்டுகளைக் கூட்டி 40 சதவீதமாக்கவேண்டும், விகிதத்தையும் 4.10 ஆக்கவேண்டும் என்றான். அவன் கூற்றிலும் நியாயம் இருந்தது. விகிதம் ஏறினால் வண்டி விரைந்து கிளம்பும். இவ்வண்டியின் வேகமானி பின்னச்சுத் தொகுதியிலிருந்தே குறிப்பைப் பெறுவதால், விகிதம் மாறினும் அது பிழைக்காது. ஆனால் எஞ்சின் பத்திலொரு பங்கு கூடச் சுழலும். நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 2700 சுற்றாக இருந்தது ஏறத்தாழ 2970 ஆகும். ஓசையும் பெற்றோற் செலவும் உயரும்.

ஆயினும் வண்டியை இனி ஓட்டப்போகிறவள் மகள். மருத்துவமனையில் இரவுக் கடமை முடித்து, சாவர்லாந்து மலைச்சாரல் வீதிகளில் விடியற்காலையில் வீடு திரும்புபவள். உப்புத் தூவும் மாரிகாலத்தில் இவ்வண்டியை நாங்கள் வீதியில் இறக்குவதில்லை. இலையுதிர் காலத்து மழையிலோ, நனைந்த இலைகள் படிந்த வளைவுகள் பனிக்கட்டிக்குச் சற்றே குறைந்தவை. வழுக்கும்போது எஞ்சினைத் தானே அடக்கும் மின்னணு ஏற்பாடு இவ்வண்டியில் இல்லை.

பூட்டற்ற டிபரென்ஷலில் ஒரு சில்லு வழுக்கினும் மற்றையது பக்கவாட்டில் வீதியைப் பற்றிநிற்கும். பூட்டு மிகுந்தால் இரண்டும் ஒருங்கே பிடியிழக்கக்கூடும்; அப்போது வண்டியின் பின்புறம் வெளியே வீசும். பந்தயத் திடலில் அது திறமைக்குச் சோதனை. இரவு முழுதும் விழித்திருந்தவளுக்கு அது ஆபத்து. மகளைக் கேட்டேன். "அப்பா, வண்டி விரைந்து போகவேண்டாம். என்ன செய்யப்போகிறதென்று முன்கூட்டியே எனக்குத் தெரிந்தாற் போதும்" என்றாள். அதன்பின் மகனும் வாதாடவில்லை.

பூட்டை அறவே விட்டுவிடலாமா என்றும் ஆராய்ந்தோம். மலையேற்றத்தில், ஓரச் சில்லு ஈர இலைமேல் நிற்கும்போது வண்டி தயங்கி நிற்பதும் நல்லதன்று. முற்றாகப் பற்சில்லுகளால் இயங்கும் டோர்சன் வகையையும் எண்ணிப்பார்த்தோம். வேர்னன் கிளீஸ்மன் என்னும் அமெரிக்கர் 1958 இல் ஆக்கவுரிமை பெற்ற அமைப்பு அது. தட்டுகள் இல்லாமையால் எளிதிற் தேயாது, மென்மையாகவும் இயங்கும். ஆனால் ஒரு சில்லு முற்றாகப் பிடியிழந்தால் அதன் உதவி மிகக் குறைவு, விலையும் கூடியது. சிலிக்கோன் திரவத்தால் இயங்கும் வகையோ மூடி முத்திரையிட்டது. பழுதாயின் திறந்து திருத்த இயலாது.

ஈற்றில், கழித்த வண்டியொன்றிலிருந்து அதே 3.73 விகிதமும் 25 சதவீதப் பூட்டும் உடைய தொகுதியைத் தெரிந்தெடுத்தோம். தகடு மாறியிருக்கலாமாதலால், இரு அச்சுகளையும் ஒருசேர ஒரு சுற்றுச் சுழற்றி, முன் தண்டு எத்தனை சுற்றுச் சுழல்கிறதென எண்ணிப்பார்த்தோம். முடிப் பற்சில்லும் சிறு பற்சில்லும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று இணையாகத் தீட்டப்பட்டவை. ஆகவே அச்சோடியைப் பிரிக்காது, தட்டுகளையும் எண்ணெய்த் தடைகளையும் மட்டும் புதிதாக்கினோம். பின்னர் ஓர் அச்சை அசையாது பிடித்து, மற்றையதைத் திருப்பத் தேவையான முறுக்கத்தை அளந்து உறுதிசெய்தோம். தட்டுகளுக்கென உரிய எண்ணெயையே வார்த்தோம். வேறு எண்ணெயாயின் திரும்பும்போது தட்டுகள் அதிர்ந்து ஒலிக்கும்.

சென்ற இலையுதிர் காலம் முழுவதும் மகள் அவ்வண்டியை ஓட்டினாள். சொல்லத்தக்க நிகழ்ச்சி எதுவும் நேரவில்லை. இத்தகைய பொறிக்கு அதனினும் சிறந்த நற்சான்று வேறில்லை.

மாணவர்கள் நாளை பொறியியலாளராகிப் பட்டியல்களில் பெரிய எண்களைக் காண்பர். அவ்வெண்கள் பொய்யல்ல. ஆயினும் ஒரு பொறியின் தகுதி, அதனைக் கையாள்பவர் யார், எந்த வீதியில், எந்த நேரத்தில் என்பவற்றோடு சேர்த்தே அளக்கப்படவேண்டும். கணக்கை முடித்தபின் அவ்வினாவையும் கேட்டு விடைகாண்பதே பொறியியலாளன் கடமை.