காலி அறைக்கு ஆறு படங்கள்

கூட இருந்தவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போன மறுநாள் அவள் அறையைத் திறந்தேன். பீரோ நின்ற இடத்தில் மட்டும் சுவர் புது மஞ்சளாக இருந்தது. மற்ற இடமெல்லாம் நான்கு வருஷத்தில் மங்கிவிட்டது. தரையில் கட்டில் கால்களின் நான்கு வட்டங்கள். ஒருத்தி அந்த அறையில் வாழ்ந்து போனதற்கு மிச்சம் அவ்வளவுதான். கதவோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுத்தேன்.

வேளச்சேரியில் இரண்டாம் மாடி, இரண்டு படுக்கையறை வீடு. வாடகை 22,000 ரூபாய், அதைத் தனியாகக் கட்ட எனக்கு வழியில்லை. இன்னொருத்தி வந்தாக வேண்டும். முன்பெல்லாம் கேட்டில் 'டு-லெட்' பலகை தொங்கும். பார்க்கிறவர் படியேறி வந்து, குழாயைத் திறந்து பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து முடிவு செய்வார். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஊர்க்காரர் ஒருவர் சொன்னால் போதும், கட்டில் கிடைத்துவிடும். இன்று ஆள் வருவதற்கு முன் படம் போகிறது. அந்தப் படத்தை நம்பித்தான் ஒரு பெண் வெளியூரிலிருந்து பெட்டியோடு பஸ் ஏறுகிறாள்.

நானும் அப்படி ஏறியவள்தான். 2017-இல் வேறொரு வீட்டின் படத்தைப் பார்த்து, முன்பணமும் அனுப்பிவிட்டு வந்தேன். படத்தில் கூடம் போலத் தெரிந்த அறையில் கட்டிலைப் போட்டால் பீரோ கதவு திறக்கவில்லை. ஐப்பசி மழையில் வடக்குச் சுவர் நனைந்து பொரிந்தது. அங்கே மாட்டியிருந்த பெரிய காலண்டர் எதற்கென்று அன்றுதான் புரிந்தது. ஐந்தே மாதத்தில் காலி செய்தேன். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. என் வீட்டுக்கு வருகிறவளுக்கு அதை நான் செய்ய மாட்டேன் என்று மட்டும் தீர்மானமாக இருந்தேன்.

சுத்தம் செய்ய மூன்று நாள் ஆயிற்று. மின்விசிறி இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து வழித்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது. ஜன்னல் கொசுவலையைக் கழற்றி ஊறவைத்தேன். பரணில் கிடந்த காலி அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். குளியலறைதான் பெரும்பாடு. போர் தண்ணீரின் உப்பு, டைல்ஸில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆசிட் ஊற்றினால் ஒரே நாளில் பளிச்சென்று ஆகும், ஆனால் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டை அரித்துவிடும். வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் ஒட்டிவைத்துத் தேய்த்தேன். முழுக்கப் போகவில்லை. போனவரை போதும்.

பிறகு ஒரு ஆசை வந்தது. என் அறையின் பித்தளை விளக்கு, மணிபிளாண்ட், கைத்தறி விரிப்பு எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். அறை அழகாகத்தான் இருந்தது. ஆனால் வருகிறவளுக்கு அதில் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. எல்லாவற்றையும் திருப்பி எடுத்துவிட்டேன். கட்டில், மேசை, ஒரு நாற்காலி, வெளிர் நிறப் பருத்தித் திரை. அறையோடு தங்குவது எதுவோ அதுதான் படத்திலும் இருக்க வேண்டும்.

முதல் படத்தை ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தேன். அறை ஏதோ பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் மாதிரி விழுந்தது. மத்தியானம் எடுத்தால் ஜன்னல் வெறும் வெள்ளையாகப் பொங்குகிறது, மூலைகள் கறுக்கின்றன. வெளியே அடிக்கிற வெயிலையும் உள்ளே இருக்கிற நிழலையும் ஒரே படத்தில் பிடிக்க போன் திணறுகிறது. கிழக்கு ஜன்னல் என்பதால் காலையில் காத்திருந்தேன். ஏழு மணிக்கு வெயில் நேராகச் சுவரில் சதுரமாக விழுந்தது, அதுவும் சரியில்லை. எட்டே முக்காலுக்கு சூரியன் ஜன்னல் மேல் சன்ஷேடுக்கு மேலே ஏறியதும், வெளிச்சம் மட்டும் உள்ளே வந்து அறை முழுக்கச் சமமாகப் பரவியது. அந்த மஞ்சள் சுவர் அப்போதுதான் தன் உண்மையான நிறத்தில் தெரிந்தது. டியூப்லைட்டை அணைத்தே வைத்தேன். இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் மஞ்சளுமாக விழும்.

போனை நெஞ்சு உயரத்தில், மேலும் கீழும் சாய்க்காமல் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சுவர்களும் சேர்ந்து சாயும். 0.5 என்று ஒரு லென்ஸ் இருக்கிறதே, அதைத் தொடவே இல்லை. பத்துக்குப் பதினொன்று அடி அறையை அது மண்டபமாக்கிவிடும். 2017-இல் என்னை ஏமாற்றியது அந்த மாதிரிப் படம்தான் என்று நினைக்கிறேன். சாதாரண லென்ஸில் முழு அறையும் அடங்கவில்லை. வாசலிலிருந்து ஒன்று, எதிர் மூலையிலிருந்து ஒன்று என்று இரண்டாக எடுத்தேன். மூன்றாவது, உப்புக் கறையோடு குளியலறை. நான்காவது, சமையலறையில் அவளுக்கென்று ஒழித்துவைத்த அலமாரித் தட்டு. ஐந்தாவது, துணிக்கொடி கட்டிய பால்கனி. ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடைப் பலகை எதிலும் விழாமல் பார்த்துக்கொண்டேன். தனியாக இருக்கும் பெண்களின் வீட்டு அடையாளம் ஊர் முழுக்கச் சுற்றக் கூடாது. போனில் இருப்பிடக் குறிப்பையும் அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஆறாவது படம் ஜன்னலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஓதக் கறை. தம்பி பார்த்துவிட்டு, "கறையை யாராச்சும் போட்டோ எடுப்பாங்களாக்கா? ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது" என்றான். அடித்திருக்கலாம். வைகாசியில் அது காய்ந்துதான் கிடந்தது. ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்தால் வடக்கு, கிழக்குச் சுவர்கள்தான் சாரல் வாங்கும், கறை மறுபடி விரியும். அப்போது அந்தக் கட்டிலில் படுத்திருப்பவள் அவள்.

படத்தில் வராததை எழுதி அனுப்பினேன். 2015 டிசம்பரில் இந்தத் தெருவில் வெள்ளம் நின்றதாகப் பக்கத்து வீட்டு மாமி சொல்வார், ஆகவே கீழே வண்டி நிறுத்துபவர் மழைக்காலத்தில் கவனமாக இருக்க வேண்டும். பிற்பகலில் கடற்காற்று வரும். கட்டில் ஆறடிக்கு மூன்றடி. ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியாயிற்று. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அது இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சென்னையில் பத்து மாதம் வாங்கிப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவளிடம் என் கணக்கில் மூன்று மாதம்தான்.

'சைவம் மட்டும்' என்று எழுதச் சொன்ன தோழியிடம் முடியாது என்றேன். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் சாதிதான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுப்பில் கருவாடு வதங்கும் என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

பதினோரு பேர் விசாரித்தார்கள். ஆறாவது படத்துக்குப் பிறகு நான்கு பேர் பேசவில்லை. நேரில் வந்தவர்களில் ஒரு பெண் தூத்துக்குடிப் பக்கம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். உள்ளே வந்ததும் நேராகக் கறைக்குக் கீழே போய் நின்று பார்த்தாள். "கட்டிலத் தெக்குப் பக்கம் போட்டுக்கிடலாமாக்கா?" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்து, "காலையில வெயில் இவ்ளோ வருமா? எனக்கு நைட் டியூட்டி" என்றாள். நான் மூன்று காலை காத்திருந்து பிடித்த வெளிச்சம் அவள் தூங்க வேண்டிய நேரத்தில் வருகிறது. படத்தில் அது தெரிந்ததால்தான் கேட்டாளாம்.

ஆனி முதல் வாரம் குடிவந்துவிட்டாள். இருவருமாக ரங்கநாதன் தெருவுக்குப் போய் கனத்த கருநீலத் திரை வாங்கி வந்து மாட்டினோம். காலை எட்டே முக்காலுக்கு இப்போது அந்த அறை இருட்டாக இருக்கும். அடுப்படியில் நான் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கிறேன்.