பந்து கையில் இல்லாதபோது

போன மாதம் ஒரு சாயங்காலம். என் மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாக ஷூவைக் கழற்றி எறிந்தாள். ஒன்று செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே. இன்னொன்று வாஷிங் மெஷின் மேலே.

‘‘நான் டீமை விட்டு நிக்கப் போறேன்ப்பா.’’

பி.காம். முதல் வருஷம். அப்பனைப் போலவே காமர்ஸ், அப்பனைப் போலவே கூடைப்பந்து. பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் பாயிண்ட் கார்டாக ஆடியவள். கல்லூரிக்குப் போனால், அங்கே இன்னொருத்தி இருக்கிறாள். சேலத்துப் பெண். அவளும் ஆறு வருஷம் அதே இடத்தில் ஆடி வந்தவள்.

‘‘அவ கைக்கு பால் போச்சுன்னா திரும்பி வரவே வராது. நான் சும்மா பராக்குப் பார்த்துட்டு நிக்கறேன். நீங்க வந்து கோச் மேடம்கிட்ட பேசுங்கப்பா.’’

நான் பதில் சொல்லவில்லை. அந்த ‘பராக்குப் பார்த்துட்டு நிக்கறேன்’ என்னை நேராக 1997-க்குக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம். அணிக்கு ஐந்து பேர். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே ஓட வேண்டும், யாருக்குப் பந்து போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் பாயிண்ட் கார்டு. பஸ்ஸுக்கு டிரைவர் மாதிரி. சிலருக்குப் பந்து கையில் இருந்தால்தான் ஆடவே வரும். கையை விட்டுப் போனால் தண்ணீரை விட்டு எடுத்த மீன். அப்படிப்பட்டவர் ஒருத்தர் இருந்தால் அணிக்கு அதிர்ஷ்டம். இரண்டு பேர் இருந்தால்? ஒரு பஸ், ஒரு ஸ்டீயரிங், இரண்டு டிரைவர்!

திருச்சியில் நான் படித்த கல்லூரியில் அந்த இரண்டு டிரைவர்களில் ஒருவன் நான். இன்னொருவனை நெய்வேலிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் ஒரே ரூம். ஒரே சோப்பு டப்பா. அவன் அம்மா கொடுத்தனுப்பும் முறுக்கு டின்னில் பாதி எனக்கு. கோர்ட்டில் இறங்கினால் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பந்துதான் வேண்டும்.

எங்கள் பி.டி. சார் நியாயஸ்தர். ரொம்ப யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். அந்தக் காலத்தில் ஆட்டம் 20 நிமிஷம், 20 நிமிஷமாக இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் முதல் பத்து நிமிஷம் பந்து அவனுடையது. அடுத்த பத்து நிமிஷம் என்னுடையது. ‘‘சண்டை போடாம ஆடுங்கடா, போங்க!’’

பி.காம். படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. பார்ட்னர்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், லாபமும் நஷ்டமும் சமபங்கு. 1932-ஆம் வருஷத்து இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டம் சொல்வது. காகிதத்தில் இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது.

கோர்ட்டில் என்ன நடந்தது தெரியுமா? என்னுடைய பத்து நிமிஷத்தில் நான் எல்லாப் பந்தையும் நானே ரிங்கைப் பார்த்து எறிந்தேன். விட்டால் மறுபடி எப்போது வருமோ என்கிற பதற்றம். அவனும் அப்படியே. அடுத்தவன் முறை வரும்போது நாங்கள் இரண்டு பேரும் செய்த வேலை, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது. ஐந்து பேர் அணி, நாற்பது நிமிஷமும் நான்கு பேரோடு ஆடியது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அரையிறுதி. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். பந்து என் கையில். சில விநாடிகள்தான் பாக்கி. இரண்டு பேர் என்னை மறிக்கிறார்கள். இடது மூலையில் நெய்வேலிக்காரன் தன்னந்தனியாக நிற்பது கண்ணில் பட்டது. நிச்சயமாகப் பட்டது. ஆனாலும் நானே எறிந்தேன். பந்து ரிங்கில் பட்டு வெளியே போனது.

பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்றாம் வருஷக் கடைசி. ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு போனபோது முறுக்கு டின்னை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். அதற்கப்புறம் பேச்சு வார்த்தை இல்லை.

2014-ல் நான் பத்திரிகையில் நைட் ஷிஃப்ட். மக்களவைத் தேர்தல் சமயம். ஏப்ரல் 8-ஆம் தேதி, விடிகாலையில் வீட்டுக்கு வந்தும் தூக்கம் வராமல் ஓர் ஆட்டம் பார்த்தேன். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் இறுதிப் போட்டி. டெக்ஸாஸில் அப்போது 7-ஆம் தேதி ராத்திரி. கனெக்டிகட் பல்கலைக்கழகமும் கென்டக்கி பல்கலைக்கழகமும் ஆடின.

கனெக்டிகட்டில் இரண்டு குட்டை கார்டுகள். ஷபாஸ் நேப்பியர், ரயன் போட்ரைட். இரண்டு பேரும் ஆறடியைச் சுற்றித்தான். அந்த ஊர்க் கூடைப்பந்தில் அது குள்ளம். இரண்டு பேருமே பந்தோடு வளர்ந்தவர்கள். வேறு அணியாக இருந்தால் இரண்டு பேருக்கும் தனித்தனி ராஜ்ஜியம் கிடைத்திருக்கும்.

நேப்பியரின் கதை விசேஷமானது. 2011-ல் அவர் முதல் வருஷ மாணவர். அப்போது அந்த அணியின் ஸ்டீயரிங் கெம்பா வாக்கர் என்கிற இன்னொரு கார்டு கையில். ஆட்டத்துக்கு 23 புள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த சூரன். நேப்பியர் பெஞ்சிலிருந்து வருவார். வாக்கர் பக்கத்தில் ஓடுவார், தடுப்பார், பந்து வந்தால் ஆடுவார். அந்த வருஷம் அணி சாம்பியன். அடுத்து சோதனைக் காலம். வீரர்களின் படிப்பு மார்க் போதாது என்று, 2013-ல் சாம்பியன் போட்டியில் கலந்துகொள்ளவே அணிக்குத் தடை வந்தது. பலர் விட்டுப் போனார்கள். நேப்பியர் போகவில்லை. கடைசி வருஷத்தில் ஸ்டீயரிங் அவர் கைக்கு வந்தபோது, பக்கத்து சீட்டில் இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோச் கெவின் ஆலியும் அதே கல்லூரியில் முன்பு பாயிண்ட் கார்டாக ஆடியவர்தான்.

இவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? நிமிஷக் கணக்கில் பாகம் பிரிக்கவில்லை. ஒருவர் பந்தோடு வலப்பக்கம் உள்ளே வெட்டிப் போவார். தடுக்கிற ஐந்து பேரும் அந்தப் பக்கம் சாய்வார்கள். உடனே பந்து இடப்பக்கம் ஓடி வரும் அடுத்தவருக்குப் போகும். அவரைத் தடுக்க வேண்டியவன் ஓர் அடி தள்ளி, ஒரு விநாடி பிந்தி வருவான். அந்த ஒரு விநாடிதான் இரண்டாவது கார்டின் மூலதனம். ஒருவரை இரண்டு பேர் சேர்ந்து மறித்தாலும் பிரச்னையில்லை, பந்தை மேலே கொண்டுபோக இன்னொருவர் இருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. பந்து இல்லாதவர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் போச்சு.

பந்து எதிரணியிடம் இருக்கும்போது இரண்டு பேருக்கும் வேலை இன்னும் அதிகம். அரையிறுதியில் எதிரே ஃபுளோரிடா. தொடர்ந்து 30 ஆட்டங்கள் ஜெயித்து வந்த அணி. அதன் பாயிண்ட் கார்டு ஸ்காட்டி வில்பெக்கின், அவர்கள் லீகில் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர். நேப்பியரும் போட்ரைட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். வில்பெக்கினுக்குக் கிடைத்தது 4 புள்ளி. மொத்த ஃபுளோரிடா அணியும் சேர்ந்து, கூடையில் முடிந்த பாஸ் கொடுத்தது மூன்றே மூன்று! கனெக்டிகட்டுக்கு அன்று அதிகப் புள்ளி எடுத்தது இந்த இரண்டு பேருமே இல்லை. டியாண்ட்ரே டேனியல்ஸ் என்கிற மூன்றாமவர். 63-53 என்று ஜெயித்தார்கள்.

இறுதிப் போட்டியில் 60-54. நேப்பியர் 22, போட்ரைட் 14. ஏழாவது ரேங்க்கில் போட்டிக்குள் நுழைந்த ஓர் அணி சாம்பியன் ஆனது அதுவே முதல் தடவை. நான் டி.வி.யை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி, ‘‘ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? தேர்தல் நியூஸ் ஏதாவது மிஸ் ஆயிடுச்சா?’’ என்றாள்.

பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸில் ‘சாக்ரிஃபைசிங் ரேஷியோ’ என்று ஒரு விஷயம் வரும். கம்பெனிக்குள் புதுப் பங்குதாரர் வந்தால், பழையவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்கில் எவ்வளவு விட்டுக் கொடுக்கிறார்கள் என்கிற கணக்கு. அதற்கு ஈடாகப் புதியவர் ‘குட்வில்’ என்று ஒரு தொகை கொண்டுவர வேண்டும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். மார்க் வாங்கினேன். அர்த்தம் மட்டும் அப்போது புரியவில்லை.

அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக் காட்டியவர் ஒருவர் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர், எர்ல் மன்றோ. பால்டிமோர் அணியில் ராஜா. 1970-71 சீசனில் ஆட்டத்துக்கு 21.4 புள்ளி. 1971 நவம்பரில் நியூயார்க் அணிக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே வால்ட் ஃப்ரேஸியர் என்கிற ராஜா. ‘இவங்களுக்கு ஒரு பந்து போதாது’ என்று ஊரே கிண்டல் செய்தது. வந்த சீசனில் நியூயார்க்குக்காக மன்றோ எடுத்தது ஆட்டத்துக்கு 11.4. ஏறக்குறைய பாதி! பனியனில் அவர் போட்டிருந்த 10-ஆம் நம்பரும் போச்சு. அது ஃப்ரேஸியருடையது. இவர் 15-ஐப் போட்டுக்கொண்டார். இங்கே பங்கை விட்டுக் கொடுத்தது புதுசாக வந்தவர்! 1973-ல் நியூயார்க் சாம்பியன். பிறகு பால்டிமோரின் வாரிசான வாஷிங்டன் அணி 10-ஐயும், நியூயார்க் அணி 15-ஐயும் மன்றோவின் பெயரில் உச்சியில் தொங்கவிட்டன. ஒரு நம்பரை விட்டவருக்கு இரண்டு நம்பர்.

நெய்வேலிக்காரனை மறுபடி பார்த்தது 2019-ல். ஹாஸ்டல் நண்பன் ஒருவன் வீட்டுக் கல்யாணம், திருச்சியில். பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டோம். முடி போயிருந்தது. எனக்குத் தொப்பை. பாயசம் வரும்வரை பெட்ரோல் விலை பேசினோம். கை கழுவுகிற இடத்தில் நான்தான் ஆரம்பித்தேன்.

‘‘அன்னிக்கு நான் உனக்குப் பந்து கொடுத்திருக்கணும்டா. நீ ஃப்ரீயா நின்னே. நான் பார்த்தேன்.’’

அவன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

‘‘லூசு. ஏன் ஃப்ரீயா நின்னேன்னு யோசிச்சியா? நான் ஆடறதை நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆயிருந்துச்சு. எப்படியும் கொடுக்கப்போறதில்லைன்னு நின்னுட்டேன். அதான் என்கிட்ட ஒருத்தனும் வரலை. நீ கொடுத்திருந்தாலும் எனக்குப் பிடிக்கத் தெரிஞ்சிருக்காது. இத்தனை வருஷமா எனக்கு அதான்டா உறுத்தல்.’’

இருபத்திரண்டு வருஷம்! நான் கொடுக்கவில்லை என்று நானும், ஓடவில்லை என்று அவனும், ஒரே தோல்வியை இரண்டு லெட்ஜரில் தனித்தனியாக எழுதி வைத்திருந்தோம்.

ஷூ எறிந்த மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கோச் மேடத்துக்குப் போன் பண்ண மாட்டேன் என்றும் சொன்னேன். முறைத்தாள். சாப்பிடாமல் ரூமுக்குள் போனாள். அரை மணி நேரம் கழித்து வந்து, தோசைக்கு உட்கார்ந்தபடி கேட்டாள்.

‘‘சரி, பால் என் கைல இல்லாதப்ப நான் என்னதான் பண்ணணும்?’’

ஆறு வருஷ ஆட்டத்தில் அவள் கேட்காத கேள்வி. என் மூன்று வருஷ ஆட்டத்தில் நானும் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை அவர்களுக்கு ஒரு மேட்ச். கையில் ஒரு சின்ன நோட்டோடு போய் கேலரியில் உட்கார்ந்தேன். நான்கு புள்ளியில் தோற்றார்கள். ஸ்கூட்டரில் வரும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

‘‘நான் எத்தனை பாயிண்ட் எடுத்தேன்ப்பா?’’

‘‘தெரியாது. நான் எண்ணலை.’’

‘‘பின்னே நோட்டுல என்ன எழுதிட்டிருந்தீங்க?’’

‘‘பந்து இல்லாதப்ப நீ எத்தனை தடவை சும்மா நின்னேன்னு எழுதினேன். பதினோரு தடவை.’’

ஒரு சிக்னல் தூரம் சத்தமே இல்லை.

‘‘அவ?’’

‘‘ஒன்பது.’’

வீடு வந்தது. ஷூவைக் கழற்றினாள். எறியவில்லை. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். சேலத்துப் பெண்ணிடம் அவள் பேசுவது உள்ளே எனக்குக் கேட்டது.

‘‘ஏய், உனக்கு ஒன்பதுடி. எனக்குப் பதினொண்ணு... இல்லடி, பாயிண்ட் இல்ல. இது வேற கணக்கு. எங்கப்பா எழுதியிருக்காரு. நாளைக்கு வா, சொல்றேன்.’’