தே-யில ஆரம்பிக்கிற அந்த வார்த்தை

போன வாரம் சிங்காநல்லூர் சிக்னல்ல ஒரு ஆட்டோக்காரரும் பைக்காரரும் முட்டிக்கிட்டாங்க. வாய்ச்சண்டை முத்தி, தே-யில ஆரம்பிக்கிற அந்த வார்த்தை வந்து விழுந்துச்சு. பின்னாடி உக்காந்திருந்த எம்பொண்ணு (எட்டாவது படிக்கிறா) கேட்டா: "அப்படீன்னா என்னங்கப்பா?"

"கெட்ட வார்த்தை, கேக்காத கண்ணு"ன்னேன்.

"நீங்களும் ஒருக்கா சொன்னீங்கல்ல, லாரிக்காரரை?"

வீடு வர்ற வரைக்கும் நான் வாயத் திறக்கல.

இதுல கொடுமை என்னன்னா, அந்த வார்த்தையோட பூர்வீகம் எனக்குத் தெரியும். லெஸ்லி ஓர்னு ஒரு அம்மணி, கனடா மாண்ட்ரியல்ல கான்கார்டியா பல்கலைக்கழகத்துல சமயவியல் பேராசிரியரா இருந்தவங்க. சோழர் காலக் கோயில் பெண்களைப் பத்தி 2000-ல ஒரு புத்தகம் எழுதினாங்க. நம்மூர்க் கல்வெட்டுல பொம்பளைங்க பேரை அங்கிருந்து வந்து ஒண்ணொண்ணா தேடியிருக்காங்க. நாம கோயிலுக்குப் போனா கல்வெட்டு மேல சாஞ்சு உக்காந்து புளிசாதம் சாப்பிடுவோம்.

தேவரடியார்னா இறைவனோட அடியார், அவ்வளவுதான். 850-லிருந்து 1300 வரைக்குமான கல்வெட்டுகளைப் பாத்துட்டு அவங்க சொல்றது: அந்தப் பெண்கள் பெரும்பாலும் ஆடறவங்களா வரல, கொடுக்கறவங்களா வர்றாங்க. விளக்குக்குப் பொன், பூசைக்கு நிலம்னு சொந்தச் சொத்தை எழுதி வச்சிருக்காங்க. அந்தக் கொடைக்குப் பதிலாத்தான் கோயில்ல அவங்களுக்கு மரியாதை, உரிமை எல்லாம். சாமிக்குக் கல்யாணம் கட்டி வச்சாங்க, உடம்பை வித்தாங்கங்கிறதுக்கெல்லாம் அந்தக் காலக் கல்வெட்டுல ஆதாரமில்லைன்னு அடிச்சுச் சொல்றாங்க.

உடனே 'தஞ்சாவூர் பெரிய கோயில்ல நானூறு பேர் இருந்தாங்களே'ன்னு கேப்பீங்க. இருந்தாங்க. ராஜராஜன் பல ஊர்க் கோயில்கள்ல இருந்து கூட்டிட்டு வந்த தளிச்சேரிப் பெண்டுகள். ஆளுக்கு ஒரு வீடு, வருசத்துக்கு 100 கலம் நெல்லு. ஒவ்வொருத்தர் பேரு, எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனாவது வீடு, எந்த ஊர்லருந்து வந்தவங்க, எல்லாம் கல்லுல இருக்கு. ஆனா அது ராஜா வீட்டு விசேசம் மாதிரி, அதை வச்சு எல்லா ஊரையும் எடை போடாதீங்கங்கிறாங்க லெஸ்லி.

பின்னாடி நூற்றாண்டுகள்ல நிலைமை மாறிப்போச்சு, அதையும் மறைக்கக் கூடாது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் சும்மா போராடல. 1947-ல சட்டம் போட்டு பொட்டுக் கட்டறதை நிறுத்த வேண்டி வந்துச்சு. வழக்கம் நின்னுச்சு. வார்த்தை மட்டும் வசவா நம்ம வாயிலயே தங்கிப்போச்சு.

ராத்திரி சாப்பிடும்போது பொண்ணுகிட்ட இதையெல்லாம் முடிஞ்ச அளவுக்குச் சொன்னேன். நானூறு வீட்டு விலாசமும் கல்லுல இருக்குங்கிறதுதான் அவளுக்கு அதிசயம். "எல்லாப் பேருமா?"ன்னா. ஆமான்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு, "லாரிக்காரர் ஆம்பளைதானப்பா? அப்ப நீங்க அவங்க அம்மாவைத்தான திட்டினீங்க?"

அவங்கம்மா மோர் ஊத்த வந்தாங்க. நான் தட்டைப் பாத்துக்கிட்டே ஆமாங்கண்ணுன்னேன்.