கல்பாசிக்கும் முயலுக்கும் ரேஸ்!

முயல் - ஆமை ரேஸ் எல்லாருக்கும் தெரியும். ஊட்டி தாண்டி, அவலாஞ்சி பக்கம் போனா அதைவிட சுவாரஸ்யமான ஜோடி ஒண்ணு இருக்கு. ஒருத்தர் கருங்கழுத்து முயல். இன்னொருத்தர்... செட்டிநாட்டு மசாலாவில் மணக்கிற நம்ம கல்பாசி!

பேர்லயே ஏமாத்துற ஆசாமி இந்தக் கல்பாசி. கல்லை விட்டு, சோலைக்காட்டு மரப்பட்டையிலும் ஜோரா வளரும். பாசியும் கிடையாது. ஒரு பூஞ்சையும் ஒரு ஆல்காவும் நடத்துற கூட்டுக் குடித்தனம்! பூஞ்சை வீடு கட்டித் தரும், ஆல்கா வெயிலைப் பிடிச்சு சமைச்சுப் போடும். வேர் இல்லாததால, தண்ணியும் சத்தும் பெரும்பாலும் காத்து, மழை, பனிமூட்டத்துல இருந்துதான். வளர்ச்சியோ வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்!

முயல் நேர் எதிர். ஆபத்துன்னா ஒரே பாய்ச்சல். ஆனா, அதுவரைக்கும் புல்லுக்குள்ள உடம்பை அமுக்கிக்கிட்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். வளை தோண்டுற பழக்கமே இல்லை. அதனாலதான் குட்டிகள் பிறக்கும்போதே உடம்பு நிறைய முடியோட, கண்ணைத் திறந்துக்கிட்டு ரெடியா வருது!

கறுப்புலயும் ஒரு பொருத்தம் உண்டு. முயலுக்குப் பிடரி கறுப்பு, கல்பாசிக்கு அடிப்பக்கம் கறுப்பு.

நீலகிரியின் ஸ்பெஷலே இதுதான்... மலைமடிப்பில் சோலைக்காடு, சரிவில் புல்வெளி. கல்பாசிக்கு மரம், முயலுக்குப் புல். 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் வந்த யூகலிப்டஸும் சீகை மரமும் புல்வெளியைப் பெருமளவு விழுங்கிடுச்சு. மரம் வெச்சா நல்லதுதானேன்னு தோணும். ஆனா, இங்கே மரம் கூடக் கூட முயலோட சாப்பாட்டுத் தட்டு சுருங்குது. அந்தப் பக்கம், பட்டையோட உரிச்சு எடுத்த கல்பாசி, பழைய அளவுக்கு வரப் பல வருஷம் ஆகும். நீங்க டிகிரி, பி.ஜி. எல்லாம் முடிச்சாலும் அது உள்ளங்கை அளவைத் தாண்டியிருக்காது!

முயலுக்கு ஓடத் தெரியும், ஆனா போறதுக்குப் புல்வெளி வேணும். கல்பாசிக்கு ஓடவே தெரியாது. 1972-ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். கல்பாசிக்குக் காவல், கையை பாக்கெட்லயே வெச்சிருக்கிற நாமதான்.

அடுத்த ட்ரிப்ல மரப்பட்டையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. பிரியாணிக்கு வேணும்னா கடையில இருக்கு பாஸ்!